மூன்றாம் நாள் ரத்தம்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அடுத்துவரும் நாட்களில் அதிகமாக நேரும் சிக்கல், நிமோனியா எனப்படும் நுரையீரல் தொற்று. 14 நாடுகளைச் சேர்ந்த 24 மருத்துவமனைகள் ஒன்றுகூடி, தங்களிடம் நடந்த 2,704 அறுவைகளின் கணக்கை 2019-இல் வெளியிட்டன. நோயாளிகளில் 59 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் வந்திருந்தது. 14.6 விழுக்காட்டினருக்கு நிமோனியா, 11.4 விழுக்காட்டினருக்குத் தையல் கசிவு. 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 4.5 விழுக்காடு. இந்த அறுவையை ஆண்டு முழுவதும் செய்து பழகிய மருத்துவமனைகளின் எண்கள் இவை. அங்கேயே ஏழு பேரில் ஒருவருக்கு நுரையீரல் கெடுகிறது என்றால், அதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க மருத்துவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது புரியும்.

அந்த முயற்சியில் மருத்துவர்களின் கையில் இருக்கும் எளிய கருவி ரத்தப் பரிசோதனை. அறுவைக்கு முன்பும் பின்பும் எடுக்கும் சில மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள புரதங்களும் அணுக்களும், நுரையீரலில் நடக்கப்போவதைப் பற்றி என்ன சொல்கின்றன, எதைச் சொல்ல முடியாமல் திணறுகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

உணவுக்குழாயில் கத்தி, நுரையீரலில் காயம்

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். கழுத்தில் தொடங்கி, மூச்சுக்குழாய்க்கும் முதுகெலும்புக்கும் நடுவே இறங்கி, உதரவிதானத்தைத் துளைத்து வயிற்றில் இரைப்பையோடு சேர்கிறது. இதயம், பெருந்தமனி, இரண்டு நுரையீரல்கள் எல்லாம் அதை நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் வேறொரு முக்கிய உறுப்பை ஒதுக்கிவிட்டுத்தான் அதைத் தொட முடியும்.

1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்னும் அறுவை மருத்துவர், 67 வயதுப் பெண் ஒருவரின் மார்பைத் திறந்து புற்றுநோய் இருந்த உணவுக்குழாயை எடுத்தார். எடுத்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடலுக்கு வெளியே இணைக்கும் ஒரு ரப்பர் குழாய். அந்தப் பெண் அந்தக் குழாய் வழியாகச் சாப்பிட்டே பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மற்ற நோயாளிகள் பலருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. வலது மார்பு வழியாக உணவுக்குழாயை எடுத்து, இரைப்பையைக் குழாய்போல் வடிவமைத்து மார்புக்குள் மேலே இழுத்து இணைக்கும் முறையை ஐவர் லூயிஸ் 1946-இல் விவரித்தார். 1976-இல் மெக்கியோன் அந்த இணைப்பைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். இன்றும் உலகெங்கும் நடக்கும் அறுவைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழிவந்தவை.

இம்முறைகளில் நுரையீரல் படும் பாடு சாதாரணமானதல்ல. வலது மார்புக்குள் வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக வலது நுரையீரலைக் காற்றில்லாமல் சுருங்க விடுகிறார்கள். சில மணி நேரம் இடது நுரையீரல் ஒன்றே மூச்சுவிடுகிறது. வேலை முடிந்து வலது நுரையீரலை மீண்டும் ஊதி விரிக்கும்போது அதன் மெல்லிய அறைகளில் அழற்சி மூள்கிறது. புற்றுநோய் பரவியிருக்கக்கூடிய நிணநீர்க்கணுக்களை அகற்றும்போது குரல்வளைக்குப் போகும் நரம்பைக் கத்தி உரசியே செல்ல நேர்கிறது. அந்த நரம்பு சற்றுக் கசங்கினாலும் குரல் நாண் அசையாது. இருமலின் வலிமை குரல் நாண்கள் இறுக மூடி, காற்றை அடைத்து, பிறகு சட்டென்று விடுவிப்பதில் இருக்கிறது. மூடாத தொண்டையால் இரும முடியாது. காற்று வெறுமனே சீறிப் போகும், சளி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதோடு விலாவில் வலி. வலிக்கு அஞ்சி நோயாளி மேலோட்டமாகவே மூச்சுவிடுகிறார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் ஒட்டிக்கிடக்கிறது. மார்புக்குள் இழுத்து வைத்த இரைப்பைக்கு இப்போது மேல்வாயில் அடைப்பான் இல்லை. தலையணையைத் தாழ்த்திப் படுத்தால் பித்தமும் அமிலமும் தொண்டை வரை ஏறும். தூக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்போது விழித்தெழச் செய்யும் இருமல் வருவதில்லை. நோயாளிக்கும் தெரியாது, பக்கத்தில் இருக்கும் செவிலியருக்கும் தெரியாது. இந்தச் சத்தமில்லாத புரையேற்றம்தான் வாயிலுள்ள பாக்டீரியாக்களை நுரையீரலுக்குக் கொண்டுசேர்க்கும் வாகனம்.

நோயாளிகளின் முன்கதையும் நுரையீரலுக்குச் சாதகமாக இருப்பதில்லை. இந்தப் புற்றுநோயின் செதில் அணு வகைக்குப் புகையிலையும் மதுவும் முதன்மைக் காரணங்கள். வெற்றிலை பாக்கு மெல்லுவதும், அதில் புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தாம்பூலத் தட்டைக் கையில் எடுக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஆண்டுக்கணக்கில் புகைத்த நுரையீரலும், விழுங்க முடியாமல் மாதக்கணக்கில் மெலிந்த உடலுமாகத்தான் பலர் அறுவை மேசைக்கு வருகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நாட்கள்

நிமோனியாவைக் கண்டுபிடிக்க ரத்தம் எதற்கு, காய்ச்சலும் எக்ஸ்ரேயும் போதாதா என்று கேட்கலாம். வேறு நோயாளிகளிடம் பெரும்பாலும் போதும். இந்த அறுவைக்குப் பிறகு அந்த அடையாளங்கள் எல்லாம் கலங்கிப்போகின்றன. பெரிய அறுவை முடிந்த முதல் இரண்டு நாட்கள் தொற்று இல்லாமலே காய்ச்சல் அடிக்கும். வலிக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் உண்மையான காய்ச்சலையும் மறைக்கும். எக்ஸ்ரேயில் வலது மார்பு முழுவதும் மங்கலாகத் தெரியும். அது தேங்கிய நீரா, விரியாத நுரையீரலா, மேலே இழுத்த இரைப்பையா, தொற்றா என்று பிரித்துச் சொல்லக் கண்கள் மிகவும் பழகியிருக்க வேண்டும். சளியில் பாக்டீரியா வளர ஓரிரு நாள் ஆகும். நிமோனியா என்று உறுதியாகும்போது பல நேரங்களில் ஆக்சிஜன் அளவு இறங்கியிருக்கும், நோயாளி மறுபடி வென்டிலேட்டருக்குப் போயிருப்பார்.

தொற்று மூளும் கணத்துக்கும் அது வெளியே தெரியும் கணத்துக்கும் நடுவே இப்படி ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கிறது. அந்த இடைவெளியில் உடல் சும்மா இருப்பதில்லை. பாக்டீரியாவைச் சந்தித்த வெள்ளணுக்கள் ரத்தத்தில் செய்தி அனுப்புகின்றன. கல்லீரல் அதைக் கேட்டுப் புரதங்களைக் கொட்டத் தொடங்குகிறது. ரத்தக் குறிகாட்டிகள் என்பவை இந்தச் செய்திப் பரிமாற்றத்தின் தடயங்கள்.

நிமோனியாவிலேயே பிறந்த பரிசோதனை

குறிகாட்டிகளில் மூத்தது சி-ரியாக்டிவ் புரோட்டீன், மருத்துவமனைகளில் சி.ஆர்.பி. என்றே பேர். அது முதன்முதலில் கண்ணில் பட்டதே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ‘சி’ என்று பெயரிட்ட சர்க்கரைப் பொருளை, நிமோனியாவின் உச்சத்தில் இருந்தவர்களின் ரத்தநீரில் கலந்தால் திரிந்து படிவு விழுந்தது. நோய் இறங்கியபின் அதே ஆட்களின் ரத்தநீரில் கலந்தால் ஒன்றும் ஆகவில்லை. நோயோடு வந்து நோயோடு போகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருந்திருக்கிறது. ‘சி’-யோடு வினைபுரியும் புரதம் என்பதால் இந்தப் பெயர்.

சி.ஆர்.பி.-யைச் செய்வது கல்லீரல். ஏவுவது இன்டர்லூகின்-6 என்னும் செய்தி மூலக்கூறு. நலமாக இருப்பவர்களின் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும் சி.ஆர்.பி., காயமோ தொற்றோ நேர்ந்த ஆறு மணி நேரத்துக்குப் பின் ஏறத் தொடங்கி, இரண்டு நாளுக்குள் உச்சத்தை எட்டும். நூறு மடங்குக்கு மேலும் ஏறக்கூடியது. பரிசோதனை செய்வதும் எளிது. மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றித் தெளிவித்த ரத்தநீரில், சி.ஆர்.பி.-யைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசிய நுண்ணிய லேடெக்ஸ் மணிகளைக் கலக்கிறார்கள். சி.ஆர்.பி. இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரவம் கலங்கும். கலங்கலின் ஊடே ஒளியைச் செலுத்தி எவ்வளவு தடைபடுகிறது என்று இயந்திரம் அளக்கிறது. 1930-இல் கண்ணால் பார்த்த படிவின் வாரிசுதான் இந்தக் கலங்கல்.

சி.ஆர்.பி.-க்கு இன்னொரு குணம் உண்டு. மருத்துவர்கள் நம்பி நடப்பது அதைத்தான். ரத்தத்தில் இருக்கும் சி.ஆர்.பி. பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். நோய் என்னவானாலும், மூப்பு எவ்வளவானாலும் இந்த வேகம் மாறுவதில்லை. ஆகவே அளவு கூடுவதும் குறைவதும் கல்லீரலின் உற்பத்தியை மட்டுமே காட்டுகின்றன. அறுவையின் காயத்தால் இரண்டாம் நாள் 160-க்கு ஏறிய சி.ஆர்.பி., கல்லீரல் அத்தோடு நிறுத்திவிட்டால் 19 மணி நேரத்தில் 80-க்கும், 38 மணி நேரத்தில் 40-க்கும் இறங்க வேண்டும். நடைமுறையில் காயம் ஆறும்வரை உற்பத்தி கொஞ்சம் நடந்துகொண்டே இருப்பதால் இறக்கம் இன்னும் மெதுவாக இருக்கும். ஆனால் நான்காம் நாளும் 160-லேயே நிற்கிறது என்றால், பழைய காயம் அல்லாத வேறொன்று கல்லீரலை விரட்டிக்கொண்டிருக்கிறது.

விளக்கத்துக்காக இரண்டு நோயாளிகளை வைத்துக்கொள்ளலாம். ஒரே நாள், ஒரே அறுவை. முதலாமவரின் சி.ஆர்.பி. முதல் நாளிலிருந்து 95, 170, 135, 90, 60 என்று போகிறது. இரண்டாமவருடையது 90, 165, 175, 215. இரண்டாம் நாள் காலை இருவரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டாமவர்தான் தேறியவர் போல் தெரிவார். மூன்றாம் நாள் காலையில் பாதை பிரிகிறது. ஒருவர் இறக்கத்தில் இருக்கிறார், மற்றவர் ஏறிக்கொண்டிருக்கிறார். காய்ச்சலோ நான்காம் நாள் மாலைதான் வரும், எக்ஸ்ரேயில் புதிய நிழல் ஐந்தாம் நாள்தான் தெளியும். மூன்றாம் நாள் ரத்தத்துக்கு இந்தத் துறையில் இவ்வளவு மதிப்பு ஏன் என்பதற்கு இதுவே விடை. அறுவையின் இரைச்சல் அடங்கத் தொடங்கும் முதல் நாள் அது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை எந்த அளவுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்று ஆய்வுகள் சொல்லும் எல்லைக்கோடுகள் பெரும்பாலும் லிட்டருக்கு 100-க்கும் 200 மில்லிகிராமுக்கும் இடையே விழுகின்றன. எல்லைக்கோட்டின் எண்ணைவிடத் திசையே பெரிது.

தைராய்டிலிருந்து வந்த விருந்தாளி

சி.ஆர்.பி.-யின் குறை, அது காயத்துக்கும் தொற்றுக்கும் ஒரே குரலில் கத்துவது. அந்தக் குறையை ஓரளவு தீர்க்க வந்தது புரோகால்சிட்டோனின். இது தைராய்டில் உருவாகும் கால்சிட்டோனின் ஹார்மோனின் முந்தைய வடிவம். 116 அமினோ அமிலங்கள் கொண்டது. நலமாக இருக்கும்போது தைராய்டு அதை முழுவதும் வெட்டிச் சீர்செய்துவிடுவதால் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராம்கூட இருக்காது. பாக்டீரியாத் தொற்று கடுமையாகும்போது கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று சம்பந்தமில்லாத உறுப்புகளெல்லாம் அதைச் சுரக்கத் தொடங்குகின்றன. வெட்டிச் சீர்செய்யும் வசதி அவற்றில் இல்லாததால் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. குழந்தைகளிடம் தொற்றின் கடுமையோடு இது ஏறுவதை 1993-இல் பிரான்சின் அசிகோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள்.

வைரஸ் தொற்றில் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா இதன் உற்பத்தியை அடக்கும். அதனால் புரோகால்சிட்டோனின் ஏறினால் பாக்டீரியாவைச் சந்தேகிக்க நியாயம் கூடுகிறது. வேகமும் அதிகம். தூண்டுதல் கிடைத்த நான்கு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சம் தொடும். பிறகு நாளுக்குப் பாதியாக இறங்கும். ஆனாலும் மார்பையும் வயிற்றையும் ஒருசேரத் திறக்கும் அறுவையில் தொற்று இல்லாதவருக்கும் முதல் நாள் இது ஏறத்தான் செய்யும். வெளி நோயாளிப் பிரிவில் 0.5 என்ற அளவைப் பார்த்து எழும் கவலை, அறுவை முடிந்த மறுநாள் எழ வேண்டியதில்லை. இறங்க வேண்டிய நாளில் மறுபடி ஏறினால் எழ வேண்டும்.

செய்தியின் ஊற்றுக்கண்ணான இன்டர்லூகின்-6-ஐயே அளந்தால் என்ன? 1986-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடமிட்சு கிஷிமோட்டோ, தொஷியோ ஹிரானோ குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே ஏறத் தொடங்கி, சில மணி நேரங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும் மூலக்கூறு இது. கல்லீரல் விழிப்பதற்கு முன்பே ஏறிவிடுவதால், உடல் அறுவையை எவ்வளவு பெரிய அடியாக எடுத்துக்கொண்டது என்பதை முதல் நாளே சொல்லும். ஆனால் ரத்தம் எடுத்த நேரம் சில மணி தள்ளிப்போனாலும் எண் தலைகீழாகும். ஜப்பானிய மருத்துவமனைகளில் அறுவைக்குச் சற்று முன் மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அது இன்டர்லூகின்-6-ஐ அடக்கும், தொடர்ந்து சி.ஆர்.பி.-யையும் தாழ்த்தும். ஸ்டீராய்டு கொடுக்காத மருத்துவமனையின் எல்லைக்கோட்டை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஏறும் தொற்றும் தாழ்வாகவே தெரியும். கல்லீரல் பழுதுபட்டவரிடமும் இதே ஆபத்து உண்டு. செய்தி வந்தாலும் கல்லீரலுக்குப் பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

நிலத்தைச் சொல்லும் எண்கள்

இதுவரை சொன்னவை தீ மூண்டபின் எழும் புகை. அறுவைக்கு முன்பே பார்க்கக்கூடிய எண்கள் வேறு வகை. எந்த நிலம் எளிதில் தீப்பிடிக்கும் என்று அவை சொல்லும். அவற்றில் பழையது அல்புமின். ஒரு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருப்பது இயல்பு. ரத்தத்தில் அதன் அரையாயுள் ஏறக்குறைய 20 நாள். அது குறைந்திருந்தால் ஒருவர் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை, அல்லது உடலில் அழற்சி நெடுநாளாகக் கனன்றுகொண்டிருக்கிறது. பல நேரங்களில் இரண்டும்.

ஜப்பானின் ஒனோதெரா குழுவினர் 1984-இல் அல்புமினோடு லிம்போசைட் என்னும் வெள்ளணு வகையின் எண்ணிக்கையையும் சேர்த்து ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். அல்புமினைப் பத்தால் பெருக்கி, ஒரு கன மில்லிமீட்டரில் உள்ள லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். அல்புமின் 4.2, லிம்போசைட் 1,800 என்றால் 42-உம் 9-உம் சேர்ந்து 51, நல்ல நிலம். அல்புமின் 3.2, லிம்போசைட் 1,000 என்றால் 37. குடலையோ இரைப்பையையோ வெட்டி இணைக்கும் அறுவையை 40-க்குக் கீழே உள்ளவரிடம் தவிர்ப்பது நல்லது என்பது அவர்களின் அன்றைய பரிந்துரை. விழுங்கும் குழாயே அடைபட்டவர்களிடம் இந்த எண் தாழ்வாக இருப்பதில் வியப்பில்லை.

நியூட்ரோஃபில் என்னும் இன்னொரு வெள்ளணு வகையின் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதமும் இந்த வரிசையைச் சேர்ந்ததுதான். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் சாதாரண ரத்த அணு எண்ணிக்கையே போதும், தனிச் செலவு கிடையாது. அதனால்தான் ஆய்வுக் கட்டுரைகளில் அது இவ்வளவு அடிக்கடி தென்படுகிறது. ஆனால் இன்று பலருக்கும் அறுவைக்கு முன் கீமோதெரபியும் கதிர்வீச்சும் தரப்படுகின்றன. 2012-இல் வெளியான நெதர்லாந்தின் ‘கிராஸ்’ ஆய்வு ஐந்து வாரக் கதிர்வீச்சையும் வாரந்தோறும் இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதை நிலைநிறுத்தியது. கதிர்வீச்சில் முதலில் மடிவது லிம்போசைட். வகுக்கும் எண் சுருங்கிவிட்டால் விகிதம் தானாக உயரும். அந்த உயர்வு நோயாளியின் பலவீனமா, சிகிச்சையின் தழும்பா என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடாமல் இந்த விகிதத்தை நம்புவது தவறு.

கணக்கு எங்கே சறுக்குகிறது

இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையில் தெரியும் புள்ளி எதிரி விமானமா, வெறும் இரைச்சலா என்று பிரிக்கும் திறனை அளக்க ஒரு வளைகோடு உருவாயிற்று. ரத்தக் குறிகாட்டிகளையும் இன்று அதே வளைகோட்டால்தான் எடைபோடுகிறார்கள். நிமோனியா வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், வந்தவரின் எண் மற்றவருடையதைவிட மோசமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வளைகோட்டின் அடிப்பரப்பு சொல்கிறது. 0.5 என்றால் பூவா தலையா. 1 என்றால் பிழையே இல்லை.

நல்ல குறிகாட்டி என்று சொல்லப்படுவதும் படுக்கையருகே வரும்போது எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு உதவும். 100 பேருக்கு அறுவை நடக்கிறது. 20 பேருக்கு நிமோனியா வரப்போகிறது. குறிகாட்டி வரப்போகிறவர்களில் 80 விழுக்காட்டினரைப் பிடிக்கும், வராதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் 16 பேரைச் சரியாகப் பிடிக்கும், 4 பேரைத் தவறவிடும். வராத 80 பேரில் 64 பேரை விட்டுவிடும். 16 பேரை வீணாகப் பயமுறுத்தும். அபாய மணி அடித்த 32 பேரில் பாதிப்பேருக்கு ஒன்றும் வராது. மணி அடிக்காத 68 பேரிலோ 64 பேருக்கு வராது. அதாவது 94 விழுக்காடு. இந்தப் பரிசோதனைகள் ஆபத்தைச் சுட்டுவதைவிட, ஆபத்தில்லாதவரைச் சுட்டுவதில் கெட்டி. ஐந்தாம் நாள் சி.ஆர்.பி. 60 என்றால் குழாய்களை எடுக்கவும் நடக்கவைக்கவும் வார்டுக்கு மாற்றவும் தைரியம் வருகிறது. படுக்கைகள் குறைவாக உள்ள ஐ.சி.யூ.-வில் அந்தத் தைரியம் இன்னொருவரின் உயிர்.

ஏறிய எண் இன்னொரு கேள்வியை விட்டுவைக்கிறது: தொற்று எங்கே? இரைப்பையையும் உணவுக்குழாயின் எஞ்சிய பகுதியையும் இணைத்த தையல் கசிந்தாலும் சி.ஆர்.பி. இதே போல் ஏறும், புரோகால்சிட்டோனினும் ஏறும். கசிவும் நிமோனியாவும் ஒருவரிடமே சேர்ந்து வருவதும் உண்டு. ரத்தம் முகவரி சொல்லாது. அதனால் மூன்றாம் நாள் ஏற்றத்தைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் எழுதிவிட்டு நகர்வது பெரும் பிழை. கசிவாக இருந்தால் மருந்தை நம்பிக் காத்திருந்த நேரமெல்லாம் இழந்த நேரம்.

ஆய்வுகளைப் படிக்கும்போது இரண்டு பொறிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எண்ணிக்கை. ஒரு மருத்துவமனையின் 60 நோயாளிகளில் 12 பேருக்கு நிமோனியா வந்தது, 20 குறிகாட்டிகளை அளந்தார்கள் என்றால், எதற்குமே பயனில்லாவிட்டாலும் அவற்றில் ஒன்று தற்செயலாகவே ‘குறிப்பிடத்தக்கது’ என்று வந்து நிற்கும். அந்த 60 பேருக்குப் பொருந்தும்படி அமைத்த எல்லைக்கோடு அடுத்த ஊரில் பொய்க்கும். இரண்டாவது, வட்டமடிக்கும் தர்க்கம். நிமோனியா என்று எதைச் சொல்வது என்பதிலேயே ஒற்றுமை இல்லாதிருந்தது. ஒரு மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் தொடங்கினாலே நிமோனியா. இன்னொன்றில் சளியில் பாக்டீரியா வளர்ந்தால்தான். இதைச் சீராக்க 2015-இல் பன்னாட்டுக் குழுவொன்று சிக்கல்களுக்குப் பொது வரையறைகளை வகுத்தது. நெதர்லாந்தில் காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை, எக்ஸ்ரே மூன்றுக்கும் மதிப்பெண் தரும் முறை உருவானது. வெள்ளணு எண்ணிக்கையை வைத்தே நிமோனியா என்று முடிவுசெய்துவிட்டு, வெள்ளணு எண்ணிக்கை நிமோனியாவைச் சரியாகக் கணித்தது என்று சொன்னால், விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வு அது.

மணி அடித்தபின்

கணிப்பு தானாக யாரையும் காப்பாற்றாது. அறுவைக்கு முன்பே நிலம் வறண்டிருக்கிறது என்று தெரிந்தால் செய்யக்கூடியவை உண்டு: அடைப்பைத் தாண்டிச் செல்லும் குழாய் வழியாகச் சத்துணவு, புகைப்பதை நிறுத்தச் சில வாரங்கள், மூச்சுப் பயிற்சி, பல் மருத்துவரிடம் வாயைச் சுத்தம் செய்தல். கடைசியில் சொன்னதை அற்பமாக நினைக்க வேண்டாம். நுரையீரலுக்குப் புரையேறுவது வாயில் இருப்பதுதான். ஜப்பானில் அறுவைக்கு முன் பல், ஈறு பராமரிப்பு சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அறுவையின் வழியும் முக்கியம். மார்பைப் பிளக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறையைத் திறந்த முறையோடு ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டின் ‘டைம்’ ஆய்வில், 115 பேரில் திறந்த முறைக்கு வந்தவர்களில் 29 விழுக்காட்டினருக்கு முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தது. துளை முறையில் 9 விழுக்காட்டினருக்கு. எந்த ரத்தப் பரிசோதனையும் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்ததில்லை. கணிப்பதைவிட வராமல் தடுப்பதன் கை இங்கே ஓங்கியிருக்கிறது.

மூன்றாம் நாள் எண் ஏறினால் மருத்துவர்கள் முதலில் நோயாளியிடம் போகிறார்கள். படுக்கையின் தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா, வலி அடங்கியிருக்கிறதா, மூன்று உருண்டைகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியில் நேற்று இரண்டு உருண்டை எழும்பியவருக்கு இன்று ஒன்றாவது எழும்புகிறதா என்று பார்க்கிறார்கள். பேசச் சொல்கிறார்கள். குரல் கம்மியிருந்தால் மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக இறக்கிக் குரல் நாண்கள் அசைகின்றனவா என்று காண்கிறார்கள். அசையவில்லை என்றால் வாய்வழி உணவு தள்ளிப்போகும். தையல் கசிகிறதா என்றறிய, விழுங்கும் மருந்தோடு சி.டி. ஸ்கேன். சளி தானாக வராவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். தேங்கிய சளி வெளியேறுவதே பாதி வைத்தியம், எடுத்த சளி பாக்டீரியாவை அடையாளம் காட்டவும் பயன்படும். அதன்பிறகே அந்த வார்டில் எந்த பாக்டீரியா எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற கணக்கைப் பார்த்து ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுப்பது முறை. நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால் மட்டும் இவை எதற்கும் காத்திராமல் மருந்து உடனே தொடங்கும்.

மருந்தைத் தொடங்கியபின் அதை நிறுத்தும் நாளைச் சொல்லவும் ரத்தம் உதவுகிறது. புரோகால்சிட்டோனினுக்கு மிக உறுதியான சான்று கிடைத்திருப்பது இந்த வேலையில்தான். நெதர்லாந்தின் 15 மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சையில் இருந்த 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், உச்சத்திலிருந்து 80 விழுக்காடு இறங்கினாலோ 0.5-க்கு வந்துவிட்டாலோ ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை தரப்பட்டது. வழக்கமான முறையில் 7 நாள் போன மருந்து இங்கே 5 நாளில் முடிந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதமும் இந்தக் குழுவில் குறைவாகவே இருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பலரும் வேறு நோய்களுக்காகச் சேர்ந்தவர்கள் என்பதால், உணவுக்குழாய் அறுவை முடிந்தவரிடம் இந்த எண்ணைத் தனியாக வைத்து முடிவெடுப்பதில்லை. காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், இருமலில் சளி வெளுத்திருக்க வேண்டும், ஆக்சிஜன் குழாய் இல்லாமல் நோயாளி வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து திரும்ப வேண்டும்.